கிளவுட் சேர்வருக்கு நாலு பேர் லொகின்: ஒரே பெம் கோப்பை விட்டு வெளிய வாறது எப்பிடி?

உழவுமெசின் (கிளிநொச்சி) · பதிவு 1

வணக்கம். ஒரு கமக்கார அமைப்பின்ர நெல் கொள்வனவு, பசளைக் கணக்கு மென்பொருள் அமேசான் ஈசி2 (வாடகைக்கு எடுக்கிற கிளவுட் சேர்வர்) இல சிங்கப்பூர் றீஜனில ஓடுது. உபுண்டு 24.04, ஒரே ஒரு மெசின். உள்ள போறது நாலு பேர்: கிளிநொச்சியில ரெண்டு, புதுக்குடியிருப்பில ஒண்டு, மாங்குளத்தில ஒண்டு. முன்னம் அமைச்சுத் தந்தவை ‘உபுண்டு’ எண்ட ஒரே பயனரையும் ஒரே பெம் கோப்பையும் (உள்ள போறதுக்கான இரகசியக் கீ) விட்டிட்டுப் போட்டினம். அந்தக் கோப்பு வட்ஸ்அப் குறூப்பில கிடக்கு. செக்கியூரிட்டி குறூப்பில (அமேசானின்ர பயர்வோல்) 22ஆம் போர்ட் (எஸ்எஸ்எச் லொகின் வாற வாசல்) முழு உலகத்துக்கும் திறந்து கிடக்கு.

காலபோக அறுவடைக்குக் கொள்வனவு தொடங்க முதல் இதை ஒழுங்காக்க வேணும். ஆளுக்கொரு லொகின் வேணும். பாஸ்வேர்ட் லொகின் முழுக்க நிப்பாட்ட வேணும். 22ஐ எங்கட ஐபிக்கு மட்டும் விட வேணும். எல்லாரும் டொங்கிள், இல்லாட்டி போன் ஹொட்ஸ்பொட். கரண்ட் போனால் டவரும் கொஞ்ச நேரத்தில படுத்திடும். என்ன ஒழுங்கில செய்யிறது நல்லம்?

கச்சான் (முறிகண்டி) · பதிவு 2

முதல்ல ஒண்டு கேக்கிறன் அண்ணை, நாலு பேருக்கும் எஸ்எஸ்எச் (தூரத்தில இருந்து சேர்வருக்குள்ள போய்க் கொமாண்ட் அடிக்கிற வழி) எதுக்கு? கணக்குப் பதியிறவைக்கு பிறவுசரில அந்த மென்பொருளின்ர லொகின் காணும். எஸ்எஸ்எச் வேண்டியது சேர்வரைப் பராமரிக்கிற ஆக்களுக்கு. அறிக்கைக் கோப்பு ஏத்தி இறக்கிற ஆள் ஆராவது இருந்தால் அவருக்கு எஸ்எப்டிபி மட்டும் குடுக்கலாம். எஸ்எஸ்எச்டி (சேர்வர் பக்கத்து எஸ்எஸ்எச் சேவை) கொன்பிக்கில ‘மட்ச் யூசர்’ பகுதி ஒண்டு போட்டு, ‘போர்ஸ்கொமாண்ட் இன்டேர்னல்-எஸ்எப்டிபி’, ‘குறூட்டைறெக்ரறி’ ரெண்டும் எழுதினால் சரி. குறூட் போடுற (ஆளை அடைச்சு வைக்கிற) போல்டர் முழு உரிமையுள்ள றூட் பயனருக்குச் சொந்தமாய் இருக்க வேணும், வேற ஆருக்கும் அதில எழுத உரிமை இருக்கக் கூடாது. இல்லாட்டி பாஸாகின உடனயே தொடர்பு அறுந்திடும், ஆளுக்குக் காரணமும் தெரியாது. ஏத்துற கோப்புகளுக்கு அதுக்குள்ள இன்னொரு போல்டரைச் செய்து அந்தப் பயனருக்குக் குடுங்கோ.

மிச்ச ஆக்களுக்கு, கீயை அவரவர் தங்கட கணினியிலதான் உருவாக்க வேணும். நீங்கள் செய்து அனுப்பினால் பழைய கதைதான். விண்டோஸ் 10, 11 இரண்டிலயும் பவர்ஷெல்லுக்குள்ள ஓபன்எஸ்எஸ்எச் இருக்கு. ‘எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் டி எட்25519’ எண்டு அடிச்சு, பாஸ்பிறேஸ் கேக்கேக்க சும்மா என்டர் தட்டாமல் ஒண்டு குடுக்கச் சொல்லுங்கோ. லப்டொப் களவு போனால் அதுதான் காப்பாத்தும். பிறகு மாத்தவும் ஏலும் (அதே கொமாண்ட், மைனஸ் பி). அப்பிடி மாத்தினாலும் சேர்வரில ஒண்டும் தொடத் தேவையில்லை. ரெண்டு கோப்பு வரும். டொட் பப் எண்டு முடியிறதை (பொதுக் கீ) மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். அது ஒரே வரி. ‘எஸ்எஸ்எச்-எட்25519’ எண்டு தொடங்கி, நடுவில 68 எழுத்து, கடைசியில ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பில ஆளின்ர பேரும் எந்தக் கணினி எண்டதும் இருக்கட்டும். வட்ஸ்அப்பில செய்தியாய் ஒட்டாமல் கோப்பாய் அனுப்பச் சொல்லுங்கோ. ஒட்டினால் வரி உடையும், உடைஞ்ச கீயை சேர்வர் ஒரு சத்தமும் இல்லாமல் தள்ளிப்போட்டு அடுத்த வரிக்குப் போயிடும்.

சேர்வரில ஆளுக்கொரு கணக்கு: ‘அட்யூசர்’ கொமாண்டை ‘டிசேபிள்ட்-பாஸ்வேர்ட்’ ஒப்சனோட குடுங்கோ. பிறகு அவற்ற ஹோமில டொட் எஸ்எஸ்எச் போல்டருக்கு உரிமை 700, அதுக்குள்ள ஓதரைஸ்ட் கீஸ் கோப்புக்கு (அவற்ற பொதுக் கீ போற இடம்) 600. ரெண்டும் அவற்ற பேரில இருக்க வேணும், றூட்டின்ர பேரில இல்லை. சூடோவோட (றூட் உரிமையோட) போல்டர் செய்திட்டு சோன் பண்ண (சொந்தக்காரரை மாத்த) மறக்கிறதுதான் இதில வழமையாய் நடக்கிற பிழை. எஸ்எஸ்எச்டி அந்தக் கோப்பை வாசிக்கேக்க குறிச்ச பயனராய் மாறித்தான் வாசிக்கும். றூட்டுக்குச் சொந்தமான 600 கோப்பு அதுக்குத் திறவாது.

சூடோ ஆருக்கு வேணுமோ அவரை ‘யூசர்மொட் மைனஸ் ஏஜி சூடோ’ எண்டு சேருங்கோ. அந்த ‘ஏ’யை விட்டால் ஏற்கெனவே இருந்த குறூப் எல்லாம் போயிடும். அடுத்தது, பாஸ்வேர்ட் இல்லாத கணக்கிட்ட சூடோ பாஸ்வேர்ட் கேட்டால் அவர் எதை அடிக்கிறது? ஒண்டில் ஒரு பாஸ்வேர்ட் வையுங்கோ (எஸ்எஸ்எச்சில பாஸ்வேர்ட் நிப்பாட்டினால் அது உள்ளுக்கு சூடோவுக்கு மட்டும்தான் உதவும்), இல்லாட்டி சூடோயேர்ஸ் டொட் டி போல்டரில ஒரு கோப்புப் போட்டு ‘நோபாஸ்வேர்ட்’ குடுங்கோ. அந்தக் கோப்பின்ர பேரில புள்ளி இருக்கக் கூடாது. புள்ளி இருந்தால் சூடோ அந்தக் கோப்பையே வாசிக்காது, பிழை எண்டும் சொல்லாது. எழுதிறதை ‘விசூடோ’வாலயே எழுதுங்கோ.

ஏ9 (வவுனியா) · பதிவு 3

22ஆம் போர்ட்டை “எங்கள் ஐபிக்கு மட்டும்” என்று சொல்வதற்கு முன், உங்களுக்கென்று ஐபி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். டொங்கிளின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் வான் (WAN, வெளி இணைப்பு) முகவரியையும், வெளித்தளம் ஒன்று காட்டும் உங்கள் ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக, அதுவும் உள்முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் அல்லது 10 இல் தொடங்கினால், நீங்கள் கரியர் கிறேட் நட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியில் முன்பின் தெரியாத பலர் இருப்பார்கள். உங்கள் பொது ஐபியும் சொல்லாமல் மாறும். அப்படிப்பட்ட ஐபியை ஸ்லாஷ் 32 (அந்த ஒரே ஐபி மட்டும்) என்று செக்கியூரிட்டி குறூப்பில் எழுதினால் நாளைக் காலை உள்ளே போக மாட்டீர்கள். இன்று அந்த ஐபியில் உங்களோடு இருக்கும் முன்பின் தெரியாதவர்களோ போர்ட் வரை வந்து தட்டலாம்.

கூடவே ஒரு எச்சரிக்கை: பெயில்2பான் போடச் சொல்லிச் சிலர் வருவார்கள். அதன் இயல்பு அமைப்பு, 10 நிமிடத்துக்குள் 5 தடவை பிழைத்தால் அந்த ஐபியை 10 நிமிடம் தடை செய்வது. பொது ஐபியைப் பகிரும் இணைப்பில் ஒருவர் பிழையாக அடித்தால் அதே ஐபியில் வரும் மற்றவரும் வெளியே நிற்பார். கீ மட்டுமே என்று ஆன பிறகு பெயில்2பான் செய்வது பெரும்பாலும் லொக் கோப்பின் இரைச்சலைக் குறைப்பதுதான்.

உழவுமெசின் · பதிவு 4

பாத்தன் ஏ9. கிளிநொச்சி டொங்கிளில நீங்கள் சொன்ன 100.64 - 100.127 வரைக்குள்ளதான் வருது, வெளியில வேற. மாங்குளத்திலயும் அதே மாதிரித்தான். அப்ப 22ஐத் திறந்தே விடுறதோ?

சூடோ ரெண்டு பேருக்குத்தான் வேணும், கச்சான் சொன்னது சரி. மாங்குளத்து ஆளுக்கு எஸ்எப்டிபி காணும்.

பாலைப்பழம் (முள்ளியவளை) · பதிவு 5

திறந்து விடத் தேவையில்லை. வயர்கார்ட் (விபிஎன் சுரங்கம்) போடுங்கோ. எந்த ஐபியில இருந்து வந்தாலும் அதுக்குக் கவலையில்லை, ஆளின்ர கீ சரியெண்டால் உள்ள விடும். கீ சரியில்லாத பக்கெட்டுக்குப் பதிலே அனுப்பாது. வெளியில இருந்து ஸ்கான் பண்ணுறவனுக்கு அப்பிடி ஒரு போர்ட் இருக்கிறதே தெரியாது.

சேர்வரில ‘அப்ட் இன்ஸ்டோல் வயர்கார்ட்’. சேர்வருக்கு 10.8.0.1 ஸ்லாஷ் 24, ஆக்களுக்கு 10.8.0.2, 10.8.0.3 எண்டு ஒவ்வொண்டு. செக்கியூரிட்டி குறூப்பில யூடிபி 51820ஐ எல்லாருக்கும் திறவுங்கோ. சேர்வர் பக்கத்து கொன்பிக்கில ஒவ்வொரு ஆளுக்கும் ‘அலவ்ட் ஐபிஸ்’ எண்டதில அவற்ற ஐபியை ஸ்லாஷ் 32 எண்டு போட வேணும். ரெண்டு பேருக்கு ஒரே ஐபியைக் கொப்பி பண்ணிப் போட்டால் பிந்தி எழுதினவருக்குத்தான் வேலை செய்யும், முந்தினவர் பிழைச்செய்தி ஒண்டும் இல்லாமல் அறுந்து போவார். கிளையண்ட் பக்கத்தில ‘அலவ்ட் ஐபிஸ்’ 10.8.0.1 ஸ்லாஷ் 32 மட்டும் காணும். இணையத்தில கிடக்கிற உதாரணங்களைப் பாத்து 0.0.0.0 எண்டு போட்டால் ஆளின்ர யூடியூப்பும் சிங்கப்பூர் சுத்தித்தான் வரும், டேட்டா பில் உங்களுக்கு வரும்.

நட்டுக்குப் பின்னால இருக்கிறதால கிளையண்டில ‘பேர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ 25 போடுங்கோ. எம்டியூவையும் (ஒரு பக்கெட்டின்ர உச்ச அளவு) 1280 ஆக்கி விடுங்கோ. இயல்பாய் 1420 வரும், சில மொபைல் லைனில அது பெரிசு. அப்பிடியெண்டால் அடையாளம் இது: பிங் போகும், எஸ்எஸ்எச்சும் தொடங்கும், ஆனால் கீ பரிமாறுற இடத்தில (மைனஸ் வி குடுத்துப் பாத்தால் தெரியும்) அப்பிடியே உறைஞ்சு நிக்கும். அதைப் பாத்திட்டு ஆக்கள் கீயை மாத்தி மாத்தி மினைக்கெடுவினம். கீயில ஒண்டும் இல்லை.

எல்லாரும் தங்கட தங்கட இடத்தில இருந்து 10.8.0.1க்கு எஸ்எஸ்எச் போய்ப் பாத்து, சேர்வரில ‘டபிள்யூஜி ஷோ’ அடிச்சு ஒவ்வொருத்தருக்கும் கடைசி ஹான்ட்ஷேக் நேரம் வருகுதோ எண்டு பாத்த பிறகுதான் செக்கியூரிட்டி குறூப்பில 22ஐ எடுக்க வேணும். எடுத்தால் முழுக்க எடுங்கோ. சுரங்கத்துக்குள்ளால வாறது வெளியில யூடிபியாய்த்தான் தெரியும், 22க்கெண்டு அங்க விதி தேவையில்லை. யூஎப்டபிள்யூ (சேர்வருக்குள்ள இருக்கிற பயர்வோல்) போட்டிருந்தால் அதில ‘டபிள்யூஜி0’ இடைமுகத்தில 22ஐ விட வேணும். ‘டபிள்யூஜி-குயிக் அட் டபிள்யூஜி0’ சேவையை எனேபிள் பண்ண மறந்தால் அடுத்த றீபூட்டோட எல்லாரும் வெளிய.

ஏ9 · பதிவு 6

பாலைப்பழம் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் அது ஒற்றைக் கதவு. அமேசானில்தானே இருக்கிறீர்கள், செஷன் மனேஜரை இரண்டாவது கதவாக இன்றே திறந்து வையுங்கள். உபுண்டு இமேஜில் அதன் ஏஜென்ட் ஸ்னாப் வடிவில் ஏற்கெனவே இருக்கிறது. ஐஏஎம் (பயனர், உரிமைகள்) பகுதியில் ஈசி2க்கு ஒரு றோல் உருவாக்கி, ‘அமேசான் எஸ்எஸ்எம் மனேஜ்ட் இன்ஸ்டன்ஸ் கோர்’ என்ற பொலிசியை அதில் இணைத்து, அந்த றோலை மெசினுக்குக் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெசினுக்கே கொடுக்கலாம், நிறுத்தத் தேவையில்லை. பட்டியலில் உடனே தெரியாவிட்டால் ஏஜென்டை றீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதற்கு உள்வரும் போர்ட் எதுவும் தேவையில்லை. மெசினிலிருந்து 443இல் வெளியே போக முடிந்தால் போதும். பிறவுசரிலேயே ஷெல் வரும், ‘எஸ்எஸ்எம்-யூசர்’ என்ற பயனராக, சூடோவோடு. ஈசி2 மெசினுக்கு இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எஸ்எஸ்எச் கொன்பிக்கைக் குழப்பினாலும், யூஎப்டபிள்யூ உள்வருவதையெல்லாம் மூடினாலும் இது வேலை செய்யும்.

அதனாலேயே அமேசான் கொன்சோல் கணக்குக்கு இரட்டை உறுதிப்படுத்தல் கட்டாயம். கொன்சோலுக்குள் போகக் கூடியவர் மெசினின் றூட்டுக்கே போகலாம் என்றுதான் இதற்கு அர்த்தம். ஐஏஎம் பயனரை ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். கணக்கின் றூட் பயனரை ஒருவரும் அன்றாடம் பாவிக்கக் கூடாது.

இன்னொன்று: எலாஸ்டிக் ஐபி (நிலையான பொது ஐபி) இல்லாமல் மெசினை நிறுத்தித் தொடங்கினால் பொது ஐபி மாறும் (றீபூட்டுக்கு மாறாது). வயர்கார்ட்டின் ‘என்ட்பொயின்ட்’ அந்த ஐபியில்தான் நிற்கிறது. 2024 பெப்ரவரி முதல் எந்தப் பொது ஐபிவி4 முகவரிக்கும், எலாஸ்டிக்கோ இல்லையோ, மணித்தியாலத்துக்கு 0.005 டொலர் எடுக்கிறார்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 3.60 டொலர். எப்படியும் கட்டுகிறீர்கள், நிலையானதையே வைத்திருங்கள்.

கச்சான் · பதிவு 7

இனி பாஸ்வேர்ட் நிப்பாட்டுறது. இதிலதான் கனபேர் ஏமாறுறது.

எஸ்எஸ்எச்டி கொன்பிக் கோப்பைத் திறந்து ‘பாஸ்வேர்ட் ஓதென்ரிகேஷன் நோ’ எண்டு அடியில எழுதி, றீஸ்டார்ட் பண்ணிப்போட்டு, முடிஞ்சுது எண்டு நினைக்கிறது. அந்தக் கோப்பின்ர மேல் வரியிலயே ‘இன்குளூட்’ எண்டு ஒண்டு கிடக்கு. அது எஸ்எஸ்எச்டி கொன்பிக் டொட் டி போல்டரில உள்ள கோப்புகளை முதல்ல இழுக்கும். எஸ்எஸ்எச்டியின்ர ஒழுங்கு என்னெண்டால், ஒரு விசயத்தை முதல் எங்க சொல்லியிருக்கோ அதுதான் செல்லும், பிறகு எழுதினது எல்லாம் தண்ணியில எழுதினதுதான். சில வழங்குநர்களின்ர மெசினில கிளவுட்-இனிட் (முதல் பூட்டில மெசினை அமைக்கிற மென்பொருள்) அந்தப் போல்டருக்குள்ள ‘50-கிளவுட்-இனிட்’ எண்டு ஒரு கோப்பை வைச்சு அதில ‘யெஸ்’ எண்டு எழுதி விட்டிருக்கும். நீங்கள் அடியில என்ன எழுதினாலும் யெஸ் தான். அமேசானின்ர உபுண்டு இமேஜில ‘60-கிளவுட்இமேஜ்-செட்டிங்ஸ்’ எண்டு ஒண்டு வரும், அதில நோ எண்டுதான் இருக்கும். ஆனால் உங்களுக்கு முதல் ஆர் என்ன செய்து வைச்சினமோ தெரியாது.

பெரிய கோப்பைத் தொடாதேங்கோ. அதே போல்டரில ‘10-எங்கட’ எண்ட மாதிரி ஒரு கோப்பு (கடைசியில டொட் கொன்ப் வேணும்) செய்து, அதில பாஸ்வேர்ட் ஓதென்ரிகேஷன் நோ, கேபிடி இன்ரரக்ரிவ் ஓதென்ரிகேஷன் நோ, பேர்மிட் றூட் லொகின் நோ, மூண்டையும் போடுங்கோ. எண் சின்னன் எண்டதால அது முதல் வரும். மாங்குளத்து ஆளின்ர ‘மட்ச்’ பகுதியை இதுக்குள்ள போடாமல் பெரிய எண்ணில வேற கோப்பாய் வையுங்கோ.

பிறகு ‘சூடோ எஸ்எஸ்எச்டி மைனஸ் சின்ன டி’ அடிச்சால் எழுத்துப் பிழை இருந்தால் சொல்லும். ‘சூடோ எஸ்எஸ்எச்டி மைனஸ் பெரிய டி’ அடிச்சால் எல்லாக் கோப்பையும் வாசிச்சு முடிச்சு அது உண்மையாய் எதைப் பிடிச்சிருக்கு எண்டு வரிவரியாய்க் காட்டும். அதில ‘பாஸ்வேர்ட்ஓதென்ரிகேஷன் நோ’ எண்டு வந்தால்தான் நோ.

சேவையின்ர பேர் உபுண்டுவில ‘எஸ்எஸ்எச்’, டெபியன், உபுண்டு தவிர்ந்த மற்ற இடங்களில ‘எஸ்எஸ்எச்டி’. றீஸ்டார்ட் பண்ணினால் இருக்கிற செஷன் அறாது. அதால பழைய ஜன்னலை மூடாமல் விட்டு, புதுசாய் இன்னொரு ஜன்னலில உள்ள போய்ப் பாருங்கோ. உங்கட லைன் இடையில அறுகிற லைன், அதுக்கு ஒரு ஏற்பாடு சொல்லுறன். பயர்வோல் மாத்த முதல் ‘சூடோ சிஸ்டம்டி-றன் ஒன்-அக்ரிவ் 10எம்’ எண்டதோட யூஎப்டபிள்யூ டிசேபிள் கொமாண்டைச் சேத்து அடியுங்கோ. பத்து நிமிசத்தில அது தானாய் பயர்வோலை இறக்கும். எல்லாம் சரியெண்டால் அந்த டைமரை நிப்பாட்டுங்கோ. சரியில்லை எண்டால் பத்து நிமிசம் பொறுத்திட்டு உள்ள போகலாம்.

வெட்டுக்கிளி (மல்லாவி) · பதிவு 8

போர்ட் 22ஐ 2222க்கு மாத்தினால் பாதிப் பிரச்சினை தீருமே? ஏன் ஒருதரும் சொல்லேல்லை?

ஏ9 · பதிவு 9

தானியங்கித் தாக்குதல்களின் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். வயர்கார்ட்டுக்குப் பின்னால் வைத்தால் அதுவும் தேவையில்லை. செய்யத்தான் வேண்டும் என்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்: உபுண்டு 22.10இலிருந்து எஸ்எஸ்எச் சொக்கெட் முறையில் தொடங்குகிறது. போர்ட்டைக் கேட்டுக்கொண்டிருப்பது எஸ்எஸ்எச்டி அல்ல, சிஸ்டம்டி. 24.04இல் கொன்பிக்கில் போர்ட் வரியை மாற்றினால் ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-றீலோட்’ கொடுத்து ‘எஸ்எஸ்எச் டொட் சொக்கெட்’டை றீஸ்டார்ட் செய்தால்தான் புதிய போர்ட் திறக்கும். பழைய பழக்கத்தில் எஸ்எஸ்எச்சை மட்டும் றீஸ்டார்ட் செய்துவிட்டு, செக்கியூரிட்டி குறூப்பில் 22ஐ மூடி 2222ஐத் திறந்தால், கேட்கும் போர்ட் மூடியிருக்கும், திறந்த போர்ட்டில் ஆள் இருக்காது.

இதைத் துப்புத் துலக்கவும் பிழைச்செய்தியே போதும். ‘டைம்ட் அவுட்’ என்றால் பக்கெட் போய்ச் சேரவில்லை: செக்கியூரிட்டி குறூப், யூஎப்டபிள்யூ, அல்லது ஐபி மாறிவிட்டது. ‘றெபியூஸ்ட்’ என்றால் போய்ச் சேர்ந்தது, அந்தப் போர்ட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ‘பேர்மிஷன் டினைட், பப்ளிக் கீ’ என்றால் வாசல் வரை எல்லாம் சரி, பயனர் பெயரில் அல்லது கீயில்தான் பிழை.

உழவுமெசின் · பதிவு 10

வயர்கார்ட் ஏறீட்டுது, மூண்டு இடத்திலயும் ஹான்ட்ஷேக் வருகுது. மாங்குளத்தில உறைஞ்சு நிண்டது, எம்டியூ 1280 ஆக்கின உடன சரி. செஷன் மனேஜரும் திறந்தாச்சு.

இப்ப பிரச்சினை புதுக்குடியிருப்பில. அவர் பட்டி (விண்டோஸில எஸ்எஸ்எச் போற ஒரு செயலி) மென்பொருள் பாவிக்கிறவர், விட மாட்டன் எண்டுறார். பட்டிஜென்னில கீ செய்து ‘சேவ் பப்ளிக் கீ’ அமத்தி வந்த கோப்பை அனுப்பினவர். அதை அப்பிடியே ஓதரைஸ்ட் கீஸில போட்டாச்சு. சேர்வர் கீயை மறுக்குது. கிளிநொச்சியில ரெண்டாவது ஆளுக்கு வேற செய்தி: ‘டூ மெனி ஓதென்ரிகேஷன் பெயிலியர்ஸ்’.

கச்சான் · பதிவு 11

அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கோ. ‘பிகின் எஸ்எஸ்எச்2 பப்ளிக் கீ’ எண்டு மேல ஒரு வரி, கீழ ‘என்ட்’ எண்டு ஒரு வரி, நடுவில கீ துண்டு துண்டாய் இருக்கும். அது வேற வடிவம், ஓதரைஸ்ட் கீஸுக்கு ஒத்துவராது. பட்டிஜென்னில பிபிகே கோப்பைத் (பட்டியின்ர இரகசியக் கீ) திரும்ப லோட் பண்ணினால் மேல ஒரு பெட்டிக்குள்ள ‘எஸ்எஸ்எச்-எட்25519’ எண்டு தொடங்கிற எழுத்து வரும். அந்தப் பெட்டிக்குள்ள உள்ளதை முழுக்கத் தெரிவு செய்து கொப்பி பண்ணி அனுப்பச் சொல்லுங்கோ. கீ நீளமெண்டால் பெட்டிக்குள்ள முழுசும் தெரியாது, கீழ இழுத்துப் பாக்க வேணும். முதல் ரெண்டு வரியை மட்டும் கொப்பி பண்ணுறவையும் இருக்கினம். அவர் வேற ஏதாவது பழைய மென்பொருளிலயும் அதே பிபிகேயைப் போடுறவர் எண்டால், பட்டி 0.75இல இருந்து பிபிகே மூண்டாம் பதிப்பாய் சேவ் ஆகும். பழைய மென்பொருள் அதை வாசிக்காது. பட்டிஜென்னின்ர அமைப்பில ரெண்டாம் பதிப்பு எண்டு மாத்தி சேவ் பண்ணலாம்.

போட்ட பிறகும் மறுத்தால் ஊகிக்காதேங்கோ. சேர்வரில ‘ஜேர்னல்சிடிஎல் மைனஸ் யூ எஸ்எஸ்எச் மைனஸ் எப்’ அடிச்சு ஓட விட்டிட்டு அவரை அங்க இருந்து லொகின் அடிக்கச் சொல்லுங்கோ. ‘இன்வலிட் யூசர்’ எண்டால் பேர் பிழை. ‘பாட் ஓனர்ஷிப் ஓர் மோட்ஸ்’ எண்டால் எந்தப் போல்டர் எண்டும் அதே வரியில சொல்லும். ஹோம் போல்டருக்கே 777 (எல்லாருக்கும் எழுத உரிமை) குடுத்திருந்தாலும் ஏற்காது. கோப்பு ஏத்த ஏலாமல் இருக்கேக்க ஆராவது ‘சிமொட் மைனஸ் ஆர் 777’ அடிச்சிருந்தால் இதுதான் விளைவு.

ஏ9 · பதிவு 12

இரண்டாவது ஆளின் பிரச்சினை: அவரது எஸ்எஸ்எச் ஏஜென்ட்டில் (கீகளை நினைவில் வைத்திருக்கும் மென்பொருள்) பல கீகள் ஏற்றியிருக்கின்றன. கிளையண்ட் ஒவ்வொன்றாக நீட்டுகிறது, ஒவ்வொன்றும் ஒரு முயற்சியாக எண்ணப்படுகிறது, ‘மக்ஸ் ஓத் டிரைஸ்’ இயல்பாக 6. சரியான கீ வருவதற்கு முன் கதவு சாத்தப்படுகிறது. அவரது கணினியில் டொட் எஸ்எஸ்எச் போல்டருக்குள் ‘கொன்பிக்’ என்ற கோப்பில் இந்தச் சேர்வருக்கு ஒரு ‘ஹோஸ்ட்’ பகுதி எழுதச் சொல்லுங்கள்: ஹோஸ்ட்நேம் 10.8.0.1, யூசர் அவர் பெயர், ஐடென்ரிட்டி பைல் அவரது கீ, ‘ஐடென்ரிட்டீஸ் ஒன்லி யெஸ்’. கடைசி வரிதான் மருந்து. அதே பகுதியில் ‘சேர்வர் அலைவ் இன்டர்வெல் 30’ போட்டால் சும்மா இருக்கும்போது நட் தொடர்பை வெட்டுவதும் குறையும்.

ஆனால் டவரே படுத்தால் எந்தக் கீப்அலைவும் உதவாது. தரவுத்தள மாற்றமோ அப்கிறேட்டோ செய்யும்போது டிமக்ஸுக்குள் செய்யுங்கள். ‘டிமக்ஸ் நியூ மைனஸ் எஸ் வேலை’ என்று தொடங்கி, தொடர்பு அறுந்தால் திரும்ப உள்ளே வந்து ‘டிமக்ஸ் அட்டாச் மைனஸ் டி’. விட்ட இடத்தில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

குளக்கட்டு (வவுனிக்குளம்) · பதிவு 13

ஒருவர் விலகிப் போகும்போது என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘பாஸ்வேர்ட் மைனஸ் எல்’ அடித்துக் கணக்கைப் பூட்டியாயிற்று என்று நினைப்பார்கள். அது பாஸ்வேர்டைத்தான் பூட்டும். உபுண்டுவின் இயல்பு அமைப்பில் கீயோடு அவர் வழமைபோல உள்ளே வருவார். ‘யூசர்மொட்’டில் ‘எக்ஸ்பயர்டேற் 1’ கொடுத்தால் கணக்கே காலாவதியாகும். பிறகு ஓதரைஸ்ட் கீஸை எடுத்துவிடுங்கள், ‘லொகின்சிடிஎல் டேர்மினேட்-யூசர்’ கொடுத்துத் திறந்திருக்கும் செஷன்களை அறுங்கள், அவர் பெயரில் கிறொன்டாப் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலை) இருக்கிறதா என்று பாருங்கள், வயர்கார்ட்டில் அவரது பியரை (அவருக்கான கீயும் ஐபியும் உள்ள பகுதியை) நீக்குங்கள். சூடோ இருந்தவர் என்றால் மற்றவர்களின் ஓதரைஸ்ட் கீஸையும் ஒருக்கால் பார்ப்பது நல்லது. ‘எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் எல்எப்’ ஒவ்வொரு கீயின் விரலடையாளத்தையும் குறிப்போடு காட்டும். கச்சான் குறிப்பில் பெயர் போடச் சொன்னது இதற்குத்தான். லொக்கில் ‘அக்செப்டட் பப்ளிக் கீ’ வரியிலும் அதே விரலடையாளம் வரும்.

வட்ஸ்அப்பில் கிடக்கும் பழைய பெம்மை இன்னும் ஒருவரும் தொடவில்லை. அமேசான் கொன்சோலில் அந்தக் கீ பெயரை அழித்தால் போதும் என்று எண்ணாதீர்கள். அது முதல் பூட்டில் மெசினுக்குள் எழுதப்பட்டுவிட்டது. கொன்சோலில் அழிப்பதால் மெசினுக்குள் ஒன்றும் மாறாது. உபுண்டு பயனரின் ஓதரைஸ்ட் கீஸில் அந்த வரியையே அழிக்க வேண்டும். இந்த மெசினிலிருந்து முன்னர் எடுத்த இமேஜ் ஏதாவது இருந்தால் அதற்குள்ளும் அதே வரி இருக்கும்.

உழவுமெசின் · பதிவு 14

புதுக்குடியிருப்பு உள்ள வந்திட்டார், பெட்டிக்குள்ள இருந்த கீயைப் போட்ட உடன சரி. ‘டூ மெனி’யும் போட்டுது. குளக்கட்டு சொன்ன மாதிரி பழைய வரியை எடுக்கப் போறன். எல்லாமே பிழைச்சால், அதாவது செஷன் மனேஜரும் வராட்டி, என்ன வழி?

பாலைப்பழம் · பதிவு 15

டிஸ்கைக் கழட்டிறதுதான். மெசினை ஸ்டொப் பண்ணி, றூட் வொலியூமை டிட்டாச் பண்ணி, அதே அவைலபிலிட்டி சோனில இன்னொரு சின்ன மெசின் தொடங்கி அதில பூட்டுங்கோ. அந்த மெசின் முழுசாய் பூட் ஆகின பிறகு பூட்ட வேணும். ரெண்டும் உபுண்டு இமேஜ் எண்டால் ரெண்டு டிஸ்குக்கும் ஒரே லேபிள். முதலே பூட்டி வைச்சுத் தொடங்கினால் பழுதான டிஸ்கில இருந்தே எழும்பிப்போட்டு நிக்கும், நீங்கள் நல்ல டிஸ்கைத் திருத்திக்கொண்டு இருப்பியள். உள்ள ‘எல்எஸ்பிஎல்கே’ அடிச்சால் ‘என்விஎம்இ1என்1பி1’ மாதிரித் தெரியும். எம்என்டியில மவுண்ட் பண்ணி, பிழைச்ச கோப்பைத் திருத்துங்கோ. அமேசான் லினக்ஸ் டிஸ்க் எண்டால் எக்ஸ்எப்எஸ், மவுண்ட் பண்ணேக்க ‘நோயூயூஐடி’ குடுக்காட்டி அதே இமேஜில இருந்து வந்த மற்ற டிஸ்கோட முட்டிப் பிழை காட்டும். ஓதரைஸ்ட் கீஸைப் புதுசாய் எழுதினால் சோன் பண்ணேக்க பேரை நம்பாமல் எண்ணைக் குடுங்கோ. முதல் பயனர் 1000, மற்றவைக்கு அந்த டிஸ்கின்ர பாஸ்டபிள்யூடி கோப்பைப் பாருங்கோ, இந்த மெசின்ர இல்லை.

முடிச்சு அன்மவுண்ட் பண்ணி, பழைய மெசினில திரும்பப் பூட்டேக்க டிவைஸ் பேர் முன்னம் இருந்த அதே பேர் (வழமையாய் ‘எஸ்டிஏ1’) எண்டு சரியாய்க் குடுங்கோ. ‘எஸ்டிஎப்’ எண்டு விட்டால் றூட் வொலியூம் இல்லை எண்டு மெசின் தொடங்காது. தொட முதல் ஸ்னப்ஷொட் ஒண்டு எடுக்கிறதைச் சொல்லத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்.

யூசர் டேட்டாவில புதுக் கீயை எழுதிப்போட்டு றீபூட் பண்ணச் சொல்லி ஆராவது சொன்னால் கேக்காதேங்கோ. கிளவுட்-இனிட் அந்த ஸ்கிறிப்டை இயல்பாய் முதல் பூட்டில மட்டும்தான் ஓட்டும்.

வெட்டுக்கிளி · பதிவு 16

போனில இருந்து உள்ள போறதுக்கு? கரண்ட் இல்லாத நேரம் லப்டொப்பும் செத்துப் போயிடும்.

கச்சான் · பதிவு 17

அன்ட்றொயிட் எண்டால் டேர்மக்ஸ். அதுக்குள்ள ‘பிகேஜி இன்ஸ்டோல் ஓபன்எஸ்எஸ்எச்’, பிறகு கணினியில செய்த அதே கொமாண்ட். வயர்கார்ட்டுக்கு அதின்ர சொந்தச் செயலியே இருக்கு. லப்டொப்பின்ர கீயை போனுக்குக் கொப்பி பண்ணாமல், போனிலயே தனியாய் ஒரு கீ செய்து ஓதரைஸ்ட் கீஸில ரெண்டாவது வரியாய்ச் சேருங்கோ, குறிப்பில ‘போன்’ எண்டு போடுங்கோ. வயர்கார்ட்டிலயும் போனுக்குத் தனி பியர், தனி ஐபி. ஒரே பியரின்ர கீயை லப்டொப்பிலயும் போனிலயும் ஒரே நேரத்தில ஓட விட்டால் சேர்வர் கடைசியாய்ப் பேசின பக்கத்துக்குத்தான் பக்கெட்டை அனுப்பும். ரெண்டும் மாறி மாறி அறும்.